ஓடும்போது வாட்ச் சொன்னதும் நீ சொன்னதும்

பவித்ராவுக்கு, உன் நைனா எழுதுவது.

வீட்டில் உங்கம்மா உன் பெட்டியை மறுபடியும் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நீ வேலைக்குப் போகும் ஹூப்ளியில் நல்ல மிளகாய்ப்பொடி கிடைக்காது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக மளிகைக் கடை வைத்திருப்பவன் நான், பேடகி மிளகாய் வருவதே அந்தப் பக்கத்திலிருந்துதான் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் விழவில்லை. அவளுக்கு வேண்டியது மிளகாய்ப்பொடி இல்லை, பெட்டியில் இன்னும் கொஞ்சம் இடம். நான் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். மத்தியான நேரம், பஜாரில் கூட்டமில்லை. நேரில் பேசினால் நீ "சரி நைனா, சரி நைனா" என்று சொல்லி முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நடந்ததெல்லாம் உனக்கும் தெரிந்ததுதான். ஆனால் மைதானத்துக்கு உள்ளே நீ இருந்தாய், வெளியே நான் நின்றேன். வெளியே நின்றவனுக்கு என்ன நடந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்த வாட்ச் எனக்காக நீ வாங்கியது. அரிசி மூட்டையை நகர்த்தும்போது எனக்கு நெஞ்சு அடைத்து, பெங்களூருக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துத் திரும்பி வந்த பிறகு, ஸ்கூலில் உனக்கு வந்த சம்பளத்தில் வாங்கி வந்து என் கையில் கட்டினாய். அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கும். "இன்னாங்க இது, கையில சிக்னல் எரியுது" என்று உங்கம்மா கேலி செய்வாள். எனக்கு அதில் ஒரு தெம்பு. நெஞ்சில் ஒரு சின்ன இழுப்பு வந்தாலும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பேன், துடிப்பு எழுபத்தாறு என்று இருக்கும், மூச்சு விடுவேன். கோலாரில் டாக்டரம்மாவிடம் மாதாமாதம் போகும்போது அவருடைய மிஷினில் என்ன வருகிறதோ கிட்டத்தட்ட அதேதான் இதிலும் வரும். உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு உட்கார்ந்த இடத்தில் உண்மை சொல்லும் பொருள் அது. அதை நான் எப்போதும் உண்மை சொல்லும் பொருள் என்று எடுத்துக்கொண்டேன்.

நீ ஃபுட்பால் ரெஃப்ரி ஆகப்போகிறேன் என்று வந்து சொன்ன நாளில் உங்கம்மா கேட்டாள், "ஆடறவங்க ஓடுனா கோல் போடுவாங்க. நீ எதுக்குடி கூடவே ஓடணும்?" நீ சிரித்துக்கொண்டே, அதற்குப் பரீட்சை இருக்கிறது, சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது, ஓடிக் காட்டவும் வேண்டும் என்றாய். விசில் ஊதினதும் கொஞ்ச தூரம் ஓட்டம், அடுத்த விசிலுக்குள் கொஞ்ச தூரம் நடை, மறுபடி ஓட்டம். அப்படியே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஒரு தடவை பின்தங்கினால் எச்சரிக்கை, மறுபடி பின்தங்கினால் வெளியே. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துப் பக்கத்து மைதானத்தில் காலையில் பயிற்சி எடுக்கலாம் என்று முடிவு செய்தோம். விசில் ஊதுகிற வேலை எனக்கு. டாக்டரம்மா என்னை நடக்கச் சொல்லியிருந்தார், அந்தச் சாக்கில் நானும் வந்தேன். என் வாட்சைக் கழற்றி உன் கையில் மாட்டியது நான்தான். போன் என் கையில் இருந்தது. நீ அந்தப் பக்கம் ஓடும்போது உன் இதயத் துடிப்பு இந்தப் பக்கம் என் உள்ளங்கையில் வரும். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன்னை இடுப்பில் தூக்கி வைத்திருந்த காலத்துக்குப் பிறகு உன் நெஞ்சு துடிப்பதை நான் அவ்வளவு பக்கத்தில் வைத்திருந்ததே இல்லை.

முதல் நாட்களில் மெதுவாக ஓடினாய், எண் ஒழுங்காக ஏறி இறங்கியது. வேகம் கூட்டியதிலிருந்துதான் கோணல். ஒருநாள் நீ மூச்சிரைக்க என்னைத் தாண்டி ஓடுகிறாய், போனில் எண்பத்துநாலு என்று வருகிறது. மாடிப்படி ஏறினாலே எனக்கு நூறைத் தாண்டும், என் மகளுக்குப் பார், புலி மாதிரி ஓடியும் எண்பத்துநாலு என்று பூரித்துப்போனேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை, நானும் படவில்லை. மனதுக்குப் பிடித்த எண்ணை யார் சந்தேகப்படுவார்கள்? பிறகு அந்த நாள் வந்தது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்று வெள்ளைப் பொடியை அள்ளி வந்து போட்டுக்கொண்டிருந்த காலை. நீ ஓடி முடித்து நடக்க ஆரம்பித்திருந்தாய். எண் இறங்க வேண்டிய நேரம். போனில் நூற்றுத்தொண்ணூற்றெட்டு. நீ நடக்கிறாய், எண் இருநூற்றுநாலு. என் அப்பாவுக்கு வந்தது எனக்கு வந்தது, எனக்கு வந்தது உனக்கும் வந்துவிட்டது என்று மட்டும்தான் தோன்றியது. விசிலைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தேன்.

"நில்லு பவி, நில்லு, ஓடாத."

"நான் எங்க ஓடறேன், நடந்துகினுதான இருக்கேன். இன்னா ஆச்சு நைனா?"

"உக்காரு மொதல்ல. நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. நல்லாதான் இருக்கேன். கைய விடு."

நான் விடவில்லை. பந்து ஆடிக்கொண்டிருந்தவர்களெல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு நீ அடுத்த வருஷம் விசில் ஊத வேண்டியவள். அவர்கள் முன்னால் உன் கையைப் பிடித்துச் சின்னப் பிள்ளையை இழுத்துப்போவதுபோல் இழுத்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் உங்கம்மாவிடம், இனிமேல் ஓட்டமும் வேண்டாம் ரெஃப்ரியும் வேண்டாம், மாப்பிள்ளை பார்க்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிதானமாகக் கேட்டாள். "ஒண்ணும் இல்லன்னு அவ வாயால சொல்றா. இருக்குதுன்னு அந்த வாட்ச் சொல்லுது. நீங்க யாரு பேச்ச கேக்கறீங்க?" எனக்குக் கோபம் வந்தது. சில நாள் நீ மைதானத்துப் பக்கம் போகவில்லை. ஸ்கூலுக்குப் போய் வந்தாய், சாப்பிட்டாய், என் மாத்திரையை எடுத்து வைத்தாய். பேசத்தான் இல்லை. நீ சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒருநாள் நீ மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாய். நான் பார்த்தேன். என் பயம் உனக்குள் இறங்கிவிட்டது என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கோலாருக்குப் போகலாம் என்று சொன்னது உங்கம்மா. "ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கி வெச்சிகினு இருந்தா ஆச்சா? இருக்குதா இல்லியான்னு கேட்டுட்டு வந்துடுங்க." என்னைப் பார்க்கிற அதே டாக்டரம்மா. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். உன்னிடம் மயக்கம் வந்ததா, ஓடும்போது நெஞ்சு வலித்ததா, படபடப்பு வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஈ.சி.ஜி. எடுத்தார், ஸ்கேன் பார்த்தார், அதன்பிறகு நெஞ்சில் வயர்களை ஒட்டி டிரெட்மில்லில் ஏறச் சொன்னார். "வாட்சும் இருக்கட்டும், கழட்ட வேண்டாம்" என்றார். நான் ஓரமாக நின்றேன். நீ நடக்கும்போது ஸ்க்ரீனில் ஓர் எண், வாட்சிலும் ஏறக்குறைய அதே எண். மிஷின் வேகம் கூடியது, சரிவு ஏறியது, நீ கம்பியை விட்டுவிட்டுக் கையை வீசி ஓட ஆரம்பித்தாய். ஸ்க்ரீனில் நூற்றெழுபத்தாறு. வாட்சில் நூற்றுப்பதினெட்டு. மிஷின் நின்றது. ஸ்க்ரீனில் எண் மளமளவென்று இறங்குகிறது, வாட்சோ அப்போதுதான் நிதானமாக ஏறிக்கொண்டிருக்கிறது. நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

டாக்டரம்மா உன் மணிக்கட்டைப் பிடித்து வாட்சை நகர்த்திக் காட்டினார். வளையல் மாதிரி சுற்றியது. என் கைக்குப் போட்டிருந்த ஓட்டையிலேயே உன் கைக்கும் மாட்டியிருந்தேன். உன் கை எவ்வளவு மெல்லியது என்று நான் யோசிக்கவில்லை. "இது தோலுக்குள்ள வெளிச்சம் விட்டு, ரத்தம் வந்து போறத பாத்து கணக்கு போடுது. கை சும்மா இருந்தா நல்லா சொல்லும். வேகமா ஓடறப்ப கை ஆடுது, வேர்வை, பட்டை நகருது. சில சமயம் கை ஆடற தாளத்தயே நெஞ்சுத் துடிப்புன்னு எண்ணிடும். இறுக்கிக் கட்டினா கொஞ்சம் பரவாயில்ல, ஆனா பலமா ஓடறப்ப அப்பவும் தோராயம்தான். இந்த வயர் அப்படியில்ல, இதயத்தோட மின்சாரத்தயே எடுக்குது. நெஞ்சுல கட்டற பட்டை ஒண்ணு வருது, வேணும்னா அது வாங்கிக்கோங்க." பிறகு உன் ரிப்போர்ட்டைத் தட்டி, "சென்னாகிதே" என்றார். நல்லா இருக்கிறது என்று கன்னடத்தில் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்து, "குடும்பத்துல இருக்கறதால செக் பண்ணினது சரி. ஆனா ஒண்ணு. நாளைக்கு இவளுக்கு நெஞ்சு வலிச்சாலோ மயக்கம் வந்தாலோ, வாட்ச் எழுபதுன்னு காட்டினாலும் நிறுத்தணும்" என்றார். கடைத் தராசில் சர்க்கரையைக் கொட்டும்போது எண் குதிக்கும், அடங்கின பிறகுதான் நான் எடை சொல்வேன். ஓடுகிற கையில் எண் அடங்குவதே இல்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். நீ மறுபடி ஓடினாய், பெங்களூரில் பரீட்சைக்குப் போனோம். பாதிக்கு மேல் நன்றாகத்தான் ஓடினாய். கடைசிச் சுற்றுகளில் உன் வேகம் குறையவில்லை, கால் தடுமாறவில்லை. இருந்தும் திடீரென்று நின்றாய். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாய். அடுத்த விசிலுக்கு எச்சரித்தார்கள், அதற்கடுத்த விசிலுக்கும் நீ நகரவில்லை, கொடி பிடித்து நின்ற பரீட்சைக்காரர் உன்னை வெளியே வரச் சொன்னார். திரும்பி வரும் ரயிலில் பங்காருபேட்டை தாண்டும்வரை நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாய். அங்கே கூட்டம் இறங்கி நம் ஊர்ப் பக்கம் மாரிகுப்பம் வரை போகிறவர்கள் மட்டும் மிஞ்சிய பிறகு நான் கேட்டேன்.

"வலிச்சுதா பவி?"

"இல்ல நைனா."

"அப்பறம் இன்னா?"

"நீ கத்துனது கேட்டுது."

"நான் வாயே தொறக்கலியே."

"இப்ப இல்ல. அன்னிக்கு கத்துனது."

நீ கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாய். நான் உன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், வேறு எதைச் செய்வது என்று தெரியவில்லை. டாக்டர் சொல்லி என் பயம் போய்விட்டது. நான் உன்னிடம் கொடுத்த பயத்தை அவரால் எடுக்க முடியவில்லை. கொடுத்தவன்தான் எடுக்க வேண்டும்.

மறுபரீட்சைக்கு நாள் இருந்தது. நீ நெஞ்சில் கட்டும் பட்டை ஒன்று வாங்கினாய். அதன் எண் உன் போனுக்கு மட்டும் போகட்டும், எனக்கு வேண்டாம் என்றேன். வாட்ச் மறுபடி என் கைக்கு வந்தது. முதல் நாள் போன் இல்லாமல் மைதானத்தில் நிற்பது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அதனால் பேச ஆரம்பித்தேன். நீ நடந்து வரும் நேரத்தில் நானும் கூடவே நடந்து ஏதாவது கேட்பேன். ஸ்கூலில் இன்றைக்கு என்ன கூத்து, ஹெட்மாஸ்டர் லீவு கொடுத்தாரா. ஆரம்பத்தில் கதை கதையாகப் பதில் சொல்வாய். போகப்போகப் பதில் சுருங்கும். கடைசிச் சுற்றுகளில் நான் என்ன கேட்டாலும் "போ நைனா" என்று மட்டும் வரும். அந்த இரண்டு சொல் வந்தால் நீ முழு பலத்தோடு ஓடுகிறாய் என்று தெரிந்துகொண்டேன். உன் முகம் எப்போது சிவக்கிறது, எப்போது வெளுக்கிறது, களைப்பில் எந்தத் தோள் முதலில் தொங்குகிறது, எல்லாம் அந்த மாதங்களில் கற்றதுதான். இத்தனை நாள் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் உன்னைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

ஒருநாள் ஓட்டத்தின் ஆரம்பத்திலேயே நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. உன் உதடு காய்ந்திருந்தது, கண் எங்கோ இருந்தது. நிழலில் உட்கார வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன். உன் போனில் எண் ஒன்றும் அதிகமில்லை என்றாய். இருக்கட்டும், இன்றைக்கு வேண்டாம் என்றேன். இந்தத் தடவை நான் கத்தவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. நீயும் முறைக்கவில்லை. சாயங்காலம் உனக்குக் காய்ச்சல் அடித்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தபடி, "எப்படி நைனா தெரிஞ்சுது?" என்று கேட்டாய். "நீ பேசல" என்றேன். உனக்கு அதில் என்ன தோன்றியதோ, என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாய். அன்றைக்குத்தான் நீ என்னிடமிருந்து வாங்கிய பயத்தைத் திருப்பிக் கொடுத்தாய் என்று நான் நினைக்கிறேன்.

மறுபரீட்சைக்கு உங்கம்மாவும் தயிர்சாதத் தூக்கோடு வந்தாள். நாங்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். ஓட வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து புல்லில் படுத்துக்கொண்டிருந்தார்கள். நீ போன தடவை நின்ற இடம் நெருங்க நெருங்க உங்கம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தைத் தாண்டினாய். விசில், நடை. நடக்கும் நேரத்தில் எங்களுக்கு நேராக வந்தாய். நான் வாயே திறக்கவில்லை, சத்தியமாகத் திறக்கவில்லை. நீ தலையைத் திருப்பி, மூச்சு வாங்க, "போ நைனா" என்றாய். உங்கம்மா திகைத்துப்போய், "இன்னாங்க, நம்மள போவச் சொல்றா?" என்று கேட்டாள். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ முடித்தாய்.

இப்போது ஹூப்ளியில் ஸ்கூல் வேலை, சனி ஞாயிறு மேட்சுகள், ஹாஸ்டல் அறை. உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை, பவி. மைதானத்தில் ஆயிரம் பேர் கத்துவார்கள், நீ பார்த்ததற்கு விசில் ஊது. ஓடும்போது மணிக்கட்டில் எது இருந்தாலும் அது ஒரு துணை, அவ்வளவுதான். உடம்பு ஏதாவது சொன்னால் அதற்கு முதலில் காது கொடு. வலித்தால், தலை சுற்றினால், எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் நின்றுவிடு. அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதபோது யாருடைய பயத்துக்காகவும் நிற்காதே, அது என்னுடையதாக இருந்தாலும். போன வாரம் என் வாட்சின் எண் உன் போனுக்கு வரும்படி நீ ஏதோ செய்து வைத்தது எனக்குத் தெரியும். இருக்கட்டும், பார்த்துக்கொள். ஆனால் நான் மூட்டை நகர்த்துகிற நேரத்தில் அது தொண்ணூறும் காட்டும், நூற்றறுபதும் காட்டும். (மூட்டை தூக்க ஆள் இருக்கிறான், உங்கம்மாவிடம் சொல்லாதே, எப்போதாவதுதான்.) ஏதாவது தப்பாகத் தெரிந்தால் பஸ் ஏறிவிடாதே. போன் பண்ணி, "நைனா, எப்படி இருக்க?" என்று கேள். நான் எவ்வளவு நீளமாகப் பதில் சொல்கிறேன் என்று பார்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அங்கே போனதும் காலையில் ஓடத்தானே போகிறாய்? எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், துடிப்பு எத்தனை, எதுவும் எனக்கு அனுப்ப வேண்டாம். ஓடி முடித்ததும், குளிக்கப் போகும் முன், உட்காரும் முன், மூச்சு வாங்குவது அடங்குவதற்குள்ளேயே எனக்கு ஒரு போன் போடு. ஒன்றும் பேச வேண்டியதில்லை. நீ மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டே நான் கடையைத் திறப்பேன்.